கேள்வி பதில்: டிஜே ஹெட்ஃபோன் எப்படிப் பாத்து வாங்குறது?

இந்தத் தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஹெட்ஃபோன் பத்தித்தான், அதுவும் எல்லாம் மலை மேல இருந்து. அதனால மத்ததை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணா வணக்கம். கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லயன்ல இருக்கோம், நான் காலேஜ் ரெண்டாவது வருஷம். தெரிஞ்ச சவுண்ட் சர்வீஸ் அண்ணன்கூட கல்யாணம், காதுகுத்து, காலேஜ் ஃபங்ஷன்னு போயி டிஜே கத்துக்கிட்டு இருக்கேன். இப்போ சொந்தமா ஒரு சின்ன கன்ட்ரோலர் (லேப்டாப்ல மாட்டி ரெண்டு பாட்டை மிக்ஸ் பண்ற பெட்டி) வாங்கியாச்சு, ஹெட்ஃபோன்தான் பாக்கி. கையில 8,000 ரூபாய் இருக்கு. பேஸ் நல்லா அதிரணும், அதைப் பாத்து வாங்குடான்னு பசங்க எல்லாரும் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க அண்ணா.

பதில்: தம்பி, பசங்க சொல்றது பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து பாட்டு கேக்கறவங்களுக்கு சரி, உங்களுக்கு அது ஆகாது. டிஜே ஹெட்ஃபோன்ல பாட்டை ரசிக்கறதே இல்லை, வேலை பாக்கறோம். மண்டபத்துல ஒரு பாட்டு ஓடிக்கிட்டு இருக்கு, பெரிய பெரிய பாக்ஸ் பக்கத்துலயே நிக்குது, அந்தச் சத்தத்துக்கு நடுவுல வெளிய யாருக்கும் கேக்காத அடுத்த பாட்டை நீங்க மட்டும் கேட்டு, பாட்டோட வேகத்தை மாத்தற பிட்ச் ஃபேடரை ஏத்தி இறக்கி, ரெண்டு பாட்டோட கிக்கையும், அதாவது பெரிய ட்ரம் அடியையும், ஒண்ணு மேல ஒண்ணு உக்கார வைக்கணும். சரியா உக்காந்துச்சுன்னா "தட்... தட்"னு ஒரே அடியாக் கேக்கும். கொஞ்சம் விலகுச்சுன்னா "தடத்... தடத்"னு ரெண்டா உடையும். உடைஞ்சதுல எது முன்னாடி போகுது, எது பின்னாடி வருதுன்னு நாலஞ்சு செகண்டுல காது சொல்லிடணும், அதுக்குத்தான் ஹெட்ஃபோன்.

அந்த "தட்"டோட முனை எங்க இருக்குன்னு நினைக்கறீங்க? அடிவயித்துல அதிருற 50, 60 ஹெர்ட்ஸ்ல இல்லை. கிக்குல முதல்ல வர்ற அந்தச் சின்ன சொடுக்கு 2,000லருந்து 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கு. பேஸை ஊதி வச்சிருக்கற ஹெட்ஃபோன்ல அதிர்வு இழுத்துக்கிட்டே நிக்கும், அந்தச் சொடுக்கு அதுக்குள்ள மூழ்கிப் போயிடும், உங்களுக்கு "பூம்"தான் கேக்கும். அப்புறம் கேக்கலையேன்னு வால்யூமை ஏத்துவீங்க, ஏத்தினா பூம்தான் இன்னும் பெருசாகும். அதனால கடையில போட்டுப் பாக்கும்போது பேஸ் எவ்வளவுன்னு பாக்காதீங்க, கிக்கும் ஹை-ஹேட்டும் (ட்ரம்ஸ்ல "ட்ஸ் ட்ஸ்"னு வர்ற தட்டுச் சத்தம்) தனித்தனியா, சுருக்குனு கேக்குதான்னு பாருங்க.

அதான் ரெண்டு பாட்டோட வேகத்தையும் தானாச் சேத்து வைக்கற சின்க் பட்டன் இருக்கேன்னு கேப்பீங்க. புது பாட்டுக்கு ஓகே, அதெல்லாம் கம்ப்யூட்டர்ல சீரான க்ளிக் சத்தம் வச்சு செஞ்சது. ஆனா நம்ம கல்யாணத்துல 80கள் பாட்டு போடாம முடியுமா? அப்போ கையால வாசிச்சு லைவா ரெக்கார்ட் பண்ணினது, பல்லவில ஒரு வேகம், சரணத்துல லேசா வேற வேகம்னு டெம்போ நகர்ந்துக்கிட்டே இருக்கும், பீட் எங்கெங்க விழுதுன்னு சாஃப்ட்வேர் போடற கோடு, அதாவது பீட் க்ரிட், பாதில தடம் மாறிடும். ஹட்டில, அதாவது படுகர் ஊர்ல, கல்யாணம்னா படுக பாட்டு போட்டே ஆகணும், வட்டம் கட்டி ஆடறவங்க காலு தாளத்துல நிக்கும், மிக்ஸ் நடுவுல தாளம் உடைஞ்சா அத்தனை பேரு காலும் தடுமாறும். அங்கல்லாம் ஸ்க்ரீனைப் பாத்து மிக்ஸ் பண்ண முடியாது, காதுதான்.

சரி, என்ன பாக்கணும். முதல்ல க்ளோஸ்டு பேக், அதாவது கப்போட வெளிப்பக்கம் மூடினதா இருக்கணும், இதுல சமரசமே கிடையாது. ஸ்டுடியோல வைக்கற ஓபன் பேக் எவ்வளவு விலை உசந்ததா இருந்தாலும் மண்டபத்துல ஒண்ணும் கேக்காது. அடுத்தது பிடி. தலையை நல்லா இறுக்கிப் பிடிச்சாத்தான் வெளிச்சத்தம் உள்ள வராது. இங்க நம்ம ஊருக்குன்னே ஒண்ணு சொல்லணும், டிசம்பர் ஜனவரில உறைபனி நேரத்துல குல்லாவைப் போட்டுக்கிட்டு அதுக்கு மேலயே ஹெட்ஃபோனை மாட்டறோம் பாருங்க, அந்தக் கம்பளி இடைவெளி வழியா பேஸ் பூரா ஒழுகிடும், வெளிச்சத்தமும் உள்ள புகுந்துடும், அப்புறம் ஹெட்ஃபோன் சரியில்லைன்னு சொல்றது. குல்லாவைக் காதுக்கு மேல மடிச்சு விட்டுட்டு பேட் நேரா தோல்ல படற மாதிரி மாட்டுங்க. ஹூடி போட்டாலும் இதேதான்.

காது மேல உக்கார்றதா, காதைச் சுத்தி மூடறதா? ரெண்டுலயும் நல்லது இருக்கு. காது மேல உக்கார்றது சின்னது, லேசானது, ஒரு காதைச் சட்டுன்னு விலக்கலாம், ஆனா ரெண்டு மணி நேரத்துல காது மடல் வலிக்கும், கண்ணாடி போட்டிருந்தா இன்னும் வலிக்கும். சுத்தி மூடறது சுகமா இருக்கும், ஆனா பெருசு. டிஜேங்க பாதி நேரம் ஒரு காதுல ஹெட்ஃபோன், ஒரு காது மண்டபத்துக்குன்னு திறந்து வச்சுத்தான் நிப்பாங்க, அதனால கப் பின்னாடி திரும்பணும், தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டாலும் உடையக் கூடாது.

அப்புறம் ஓம்ஸ், அதாவது ஹெட்ஃபோனோட மின்தடை அளவு. உங்களுது லேப்டாப் யுஎஸ்பிலயே கரன்ட் எடுக்கற சின்ன கன்ட்ரோலர்னா அதோட ஹெட்ஃபோன் அவுட் அவ்வளவு பலமா இருக்காது. 250 ஓம்ஸ் ஸ்டுடியோ ஹெட்ஃபோன் சும்மா கிடைச்சாலும் வேண்டாம், சத்தமே பத்தாது. 32லருந்து 70 ஓம்ஸுக்குள்ள பாருங்க.

இப்போ மாடல். உலகத்துல ரொம்ப டிஜேங்க தலையில இருக்கறது சென்ஹைசர் எச்டி 25. 1988ல வந்தது, இன்னிக்கும் விக்குது. 70 ஓம்ஸ், வயர் இல்லாம 140 கிராம்தான், தலைப்பட்டை ரெண்டாப் பிரியும், ஒரு கப் திரும்பும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா வயர், பேட், தலைப்பட்டை, உள்ள சத்தம் எழுப்பற ட்ரைவர் வரைக்கும் தனித்தனியா வாங்கி நாமளே மாட்டிக்கலாம். மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் போயி சர்வீஸுக்கு நிக்க வேண்டிய நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! பயனியர் எச்டிஜே-க்யூ1 புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குன்னே செஞ்சது, விலையும் குறைவு, கப் திரும்பும், வயர் கழட்டலாம், உங்க பணத்துக்கு நான் சொல்றது இதுதான். ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம்ஸ், காதைச் சுத்தி மூடும், வயர் கழட்டலாம், மிக்ஸிங்கோட சேத்து வீட்டுல பாட்டு எடிட் பண்றவங்களுக்கு அது நல்லது. சோனி எம்டிஆர்-7506ம் சுத்தமாக் கேக்கும், ஆனா வயர் கழட்ட வராது, மேடையில யாராவது மிதிச்சு வயர் போச்சுன்னா சால்டரிங் அயர்னைத்தான் தேடணும்.

எச்டி 25தான் வேணும், காசு பத்தலன்னா தெரிஞ்ச டிஜேகிட்ட பழசு வாங்கி பேட் மட்டும் புதுசு மாட்டிக்குங்க. ஆனா ஆன்லைன்ல நம்ப முடியாத விலைக்கு புதுசு வருதுன்னா கை வைக்காதீங்க, எச்டி 25க்கும் எம்50எக்ஸுக்கும் டூப்ளிகேட் நிறைய சுத்துது.

கடைக்குப் போகும்போது உங்க பாட்டை உங்க போன்லயே எடுத்துட்டுப் போங்க, கடைக்காரர் போடற டெமோ பாட்டுல எல்லாமே நல்லாத்தான் கேக்கும். மாட்டிக்கிட்டுக் கீழ குனிஞ்சு தலையை ஆட்டுங்க, நழுவுதா பாருங்க. வால்யூமைப் பாதிக்கும் கீழ வச்சுட்டு கடை வாசல்ல, ரோட்டுச் சத்தத்துல நின்னு கேளுங்க. அப்பவும் ஹை-ஹேட் எண்ண முடியுதுன்னா அது உங்க ஹெட்ஃபோன்.

லயன் வீடுன்னு சொன்னீங்க, சுவருக்கு அந்தப் பக்கம் காலைல கொழுந்து பறிக்கப் போறவங்க தூங்குவாங்க, ராத்திரி ஸ்பீக்கர் போட முடியாது. கன்ட்ரோலர்ல க்யூ-மிக்ஸ்னு ஒரு திருகு இருக்கும், அதை நடுவுல வச்சா ஓடற பாட்டும் அடுத்த பாட்டும் ரெண்டுமே ஹெட்ஃபோன்லயே கேக்கும், ஸ்ப்ளிட் க்யூ இருந்தா ஒரு காதுக்கு ஒண்ணாப் பிரிச்சே தரும். அதுலயே பழகலாம். ஆனா பகல்ல வாய்ப்பு கிடைக்கும்போது சின்ன ஸ்பீக்கர்ல மெதுவா ஒரு பாட்டை விட்டுட்டு, ஒரு காதை மட்டும் மூடியும் பழகிக்குங்க, மண்டபத்துல அதுதான் கைகொடுக்கும்.

கேள்வி: கொடைக்கானல்ல ஒரு ரிசார்ட்ல வீக்கெண்ட் டிஜே பண்றேன். என்கிட்ட நல்ல ப்ளூடூத் ஹெட்ஃபோன் இருக்கு, நாய்ஸ் கேன்சலிங் கூட. அதுவே போதாதா சார்?

பதில்: போதாது சார். சாதாரண ப்ளூடூத்ல சத்தம் காதுக்கு வர்றதுக்குள்ள 150லருந்து 250 மில்லிசெகண்ட் ஆகிடும். படம் பாக்கும்போது ஆப் அதைச் சரிக்கட்டிடும், நமக்குத் தெரியாது. ஆனா 120 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 120 பீட் பாட்டுல ஒரு பீட்டுக்கும் அடுத்த பீட்டுக்கும் நடுவுல 500 மில்லிசெகண்ட்தான். 200 லேட்டா வந்தா கிட்டத்தட்ட அரை பீட் தள்ளிக் கேக்கும், நீங்க காதுல சரியா உக்கார வச்சது வெளிய ஆடறவங்களுக்கு உடைஞ்சு போயிருக்கும். நாய்ஸ் கேன்சலிங்கும் பஸ், ஃப்ளைட் மாதிரி ஒரே சீராக் கேக்கற இரைச்சலுக்குத்தான் நல்லா வேலை செய்யும், ஸ்பீக்கர்ல ஓடற பாட்டை அதால அழிக்க முடியாது. உங்க ஹெட்ஃபோன்ல வயர் போடற ஓட்டை இருந்தா வயரைக் குத்தி ஓட்டுங்க, அது போதும். டிஜேக்குன்னே தனி ட்ரான்ஸ்மிட்டரோட தாமதம் ரொம்பக் குறைச்சு வயர்லெஸ் ஹெட்ஃபோன் வந்திருக்கு, ஆனா விலை அதிகம், சார்ஜ் நடுவுல தீர்ந்தா என்னங்கற கவலையும் இருக்கும்.

கேள்வி: குன்னூர்லருந்து எழுதறேங்க. என் பையன் 19 வயசு, டிஜே போயிட்டு வந்த அடுத்த நாள் காதுல "ஙொய்"னு கேக்குதும்மாங்கறான், ரெண்டு நாள்ல சரியாகிடுதாம். இந்த வேலையே வேண்டாம்னு சொல்லிடலாமா?

பதில்: அக்கா, வேலையை விடச் சொல்ல வேண்டாம், ஆனா இதை லேசாவும் விட வேண்டாம். அந்த "ஙொய்" சத்தம் காதுக்குள்ள இருக்கற மெல்லிய முடி செல்லுங்க அடி வாங்கினதோட அறிகுறி. சரியாயிடுச்சுன்னு தோணும், ஆனா அந்த செல்லுங்க செத்துட்டா மறுபடி முளைக்காது. அமெரிக்காவுல நியோஷ்னு தொழிலாளர் உடல்நலத்துக்கான அரசு அமைப்பு இருக்கு, அவங்க கணக்குப்படி 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். மேல 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 94ல 1 மணி நேரம், 100ல வெறும் 15 நிமிஷம். கல்யாண மண்டபத்துல ஸ்பீக்கர் பக்கத்துல 100 சாதாரணமா வந்துடும்.

அதனாலதான் வெளிச்சத்தத்தை நல்லாத் தடுக்கற ஹெட்ஃபோன் வாங்கச் சொல்றேன். தடுக்கலைன்னா பையன் மண்டபத்துச் சத்தத்தை ஜெயிக்கறதுக்கு ஹெட்ஃபோனை ஏத்துவான், ரெண்டும் சேந்து காதைத் தாக்கும். எச்டி 25 மாதிரி ஹெட்ஃபோன் 120 டெசிபல் வரைக்கும் போகும், அதை முழுசா வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே காதுல மாட்டற பழக்கம் இருந்தா அப்பப்போ காதை மாத்தச் சொல்லுங்க. மிக்ஸ் முடிஞ்சதும் ஹெட்ஃபோனைக் கழுத்துல இறக்கிடணும், நிறைய பேரு இதை மறந்துடறாங்க. மியூசிஷியன் இயர்ப்ளக்னு ஒண்ணு வருது, பஞ்சு மாதிரி சத்தத்தை மந்தமாக்காம எல்லாத்தையும் ஒரே அளவுல குறைக்கும், திறந்திருக்கற காதுல அதைப் போட்டுக்கலாம். இன்னொரு தடவை அந்தச் சத்தம் வந்தா காத்திருக்க வேண்டாம், காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட ஆடியோகிராம்ங்கற கேட்கும் திறன் சோதனை எடுத்துடுங்க. இதைக் கண்டிப்பா செய்யுங்க அக்கா.

கேள்வி: ஊட்டியில இருக்கேன். ஹெட்ஃபோன் பேட் ஒரு மழைக்காலம் முடிஞ்சா போதும், கறுப்புத் தோல் உரிஞ்சு கன்னத்துல ஒட்டுது, வாசனையும் வருது. என்ன பண்றது அண்ணா?

பதில்: ஜூன்லருந்து வெயிலே பாக்காம மூட்டமா, ஈரமா இருக்கற ஊர்ல அது நடக்கத்தான் செய்யும். அந்த ரெக்சின் மாதிரி தோலு ஈரத்துலயும் வேர்வையிலயும் மெல்ல மெல்லக் கெட்டு உரியும், ஈரம் தங்கினா பூஞ்சை பிடிக்கும், அந்த வாசனை அதுதான். ப்ரோக்ராம் முடிஞ்சதும் ஈரத்தோட பையில போட்டு மூடாதீங்க, காஞ்ச துணியால துடைச்சு ராத்திரி வெளிய வச்சுட்டு, அப்புறம் மூடி இறுக்கமான டப்பால ஷூ பெட்டில வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலஞ்சு போட்டு வைங்க. கணப்புப் பக்கத்துல வச்சுக் காய வைக்கறதைப் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு வேண்டாம், தோலு விறைச்சு வெடிச்சுடும், உள்ள இருக்கற பசையும் விட்டுடும். உரிஞ்ச பேடை வச்சு ஓட்டாதீங்க, பேட் போனா காதோட இடைவெளி இல்லாம ஒட்டி நிக்கற சீலும் போச்சு, பேஸும் போச்சு. உங்க மாடலுக்குன்னு இருக்கற பேடையே வாங்குங்க, மெத்துன்னு இருக்கும்னு வெல்வெட் பேட் மாட்டினா வெளிச்சத்தம் உள்ள வரும்.

கேள்வி: சுருள் வயரா, நேர் வயரா? (கூடலூர்)

பதில்: மேடைக்கு சுருள். ரெண்டடி தள்ளி லைட் ஆளுகிட்டப் பேசப் போனாலும் நீளும், திரும்பி வந்தா கால்ல சிக்காது. அதோட 6.3 எம்எம் அடாப்டர் திருகி மாட்டற டைப்பா ரெண்டு வாங்கி ஒண்ணைப் பையிலயே போட்டு வைங்க. சின்ன கன்ட்ரோலர்ல 3.5 ஓட்டை இருக்கும், பெரிய மிக்ஸர்ல 6.3தான் இருக்கும், ராத்திரி ஒன்பது மணிக்கு கூடலூர்ல அந்த அடாப்டரைத் தேடி அலைய முடியாது.