மகனின் பயிற்சிக்காக வேலையை விடலாமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சம்பளம் 18,000 ரூபாய். கணவருக்கு 44,000. இரண்டே முக்கால் வயது மகனுக்கு ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு மையத்தில் தினம் ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ஆறு மாதக் கட்டணம் 1,32,000 ரூபாயை மொத்தமாகக் கட்டச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து எங்களுக்கும் சொல்லித்தரும் தெரபிஸ்ட் மணிக்கு 900 ரூபாய் கேட்கிறார். நகையை அடகு வைத்து மையத்தில் சேர்ப்பதா, வேலையை விட்டுவிட்டு நானே வீட்டில் பயிற்சி கொடுப்பதா? வீட்டுக்கடன் தவணை 16,000, குடும்பச் செலவு 28,000, சீட்டு 5,000, எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்ட் மாத முதலீடு) 4,000. பகலில் மகனை மாமியார் பார்த்துக்கொள்கிறார். காலி மனையை விற்று ஸ்டெம் செல் சிகிச்சை செய்யலாம் என்கிறார் உறவினர் ஒருவர்.

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி. மனையை விற்பது அறவே வேண்டாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. லட்சக்கணக்கில் கேட்பவர் யாராக இருந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வருகிறேன். வீட்டிலேயே பயிற்சி கொடுத்தால் செலவில்லை என்று நினைக்கிறீர்கள். உங்கள் சம்பளம் போனால் ஆண்டுக்கு 2,16,000 ரூபாய் போகிறது. மையம் கேட்கும் ஆண்டுக் கட்டணத்தில் அது ஐந்தில் நான்கு பங்கு. கூடவே இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடும் போகும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்குத்தான் அது உண்டு. உங்கள் வீட்டில் அந்தத் தகுதி உங்களுக்கு மட்டுமே. சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது மாதம் 135 ரூபாய் பிடித்தத்தில் மகனுக்கும் மருத்துவ வசதி கிடைக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் தனியார் காப்பீடு எடுக்கப் போய்ப் பாருங்கள், இந்த 135 ரூபாயின் அருமை புரியும். உங்கள் வருங்கால வைப்பு நிதியை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சரி, பயிற்சி யார் கொடுப்பது? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களோடு நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. ஆறு மாதங்களில் 12 அமர்வுகள். நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பெற்றோருக்கே போட்டுக் காட்டி, 'இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் கவனிக்கவில்லை' என்று சொல்லித்தருவதுதான் முறை. பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுக்கும் விதம் மேம்பட்டது. குழந்தைகள் தாங்களாகத் தொடர்பு கொள்வதும் கூடியது. எல்லாமே மாறிவிட்டதாக அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் பணத்தை எதில் போடுவது என்பதற்கு அதில் விடை இருக்கிறது: குழந்தைக்கான மணி நேரங்களை வாங்குவதைவிட, வீட்டிலிருப்பவர்கள் கற்றுக்கொள்வதற்குக் கொடுங்கள்.

நல்ல தெரபிஸ்ட் குளியலறையையே வகுப்பாக்கிவிடுவார். ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு அடுத்த குவளையைத் தூக்கிப் பிடித்து நிறுத்துவது. அவன் கையை நீட்டியோ, கண்ணைப் பார்த்தோ, ஒரு சத்தம் எழுப்பியோ கேட்டதும் ஊற்றுவது. பிஸ்கட்டை இறுக மூடிய கண்ணாடி டப்பாவில் போட்டுக் கொடுப்பதும் இப்படித்தான். இதற்கு உங்கள் மாமியார் போதும், நீங்கள் ராஜினாமா செய்ய வேண்டியதில்லை. ஆகவே வகுப்பு நடக்கும்போது அவரைச் சமையலறைக்கு அனுப்பிவிடாதீர்கள். பகல் முழுவதும் பையனோடு இருப்பவர் அவர்தான். கணவரும் உட்கார வேண்டும். இதை அம்மாவின் வேலை என்று விட்டுவிடும் குடும்பங்களில்தான் ராஜினாமாக் கடிதம் சீக்கிரம் எழுதப்படுகிறது.

கணக்குக்கு வருவோம். 62,000 வரவில் 53,000 செலவு, மிச்சம் 9,000. வாரம் இரண்டு முறை அந்த வீட்டுத் தெரபிஸ்ட் வந்தால் மாதம் 7,200. ஒன்றை ஞாயிற்றுக்கிழமையும் மற்றொன்றை ஒரு மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளுக்கு அலுவலகத்தில் ஒரு மணி நேர அனுமதி கேளுங்கள். எஸ்.ஐ.பி.யை ஆறு மாதம் நிறுத்திவைத்தால் கையில் 5,800 நிற்கும். சீட்டை மட்டும் அவசரப்பட்டுத் தள்ளுபடிக்கு ஏலம் எடுக்காதீர்கள். மூன்று மாதங்களில் நீங்கள் தேறிவிட்டால் வாரம் ஒரு முறையாகக் குறைக்கலாம். பேச்சுப் பயிற்சியோ, அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியோ தனியாகத் தேவைப்பட்டால் அரசு மருத்துவமனையின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசம். கூட்டம் இருக்கும், தேதி தள்ளிக் கிடைக்கலாம். இன்றே பெயரைப் பதிந்துவிடுங்கள்.

மையத்தையே விரும்பினால் மாதாமாதம் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். இந்தப் பயிற்சி ஆறு மாதத்தில் முடிகிற விஷயமல்ல. முதல் சுற்றிலேயே நகை அடகுக்குப் போனால் நான்காம் ஆண்டுக்கு என்ன வைத்திருப்பீர்கள்? பெற்றோரை உள்ளே அனுமதிக்காத மையத்துக்கு மாதக் கட்டணமும் தண்டம்தான்.

அரசு மருத்துவரிடம் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்குங்கள். இந்த வயதில் தற்காலிகமாகக் கிடைத்தாலும் பரவாயில்லை. அதை வைத்து, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை. மருத்துவப் பரிசோதனை கிடையாது, சேருவதற்குச் சில நூறு ரூபாய்தான். தெரபிச் செலவையும் அதற்குரிய உச்சவரம்புக்குள் திரும்பப் பெறலாம். அதற்கு ரசீது வேண்டும். வீட்டுக்கு வருபவரிடம், தெரபிஸ்ட்டுகளைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் போட்ட ரசீது கேளுங்கள். தரத் தயங்கினால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.

மாற்றுத்திறனாளி பிள்ளையைப் பராமரிப்பதற்காக வருமான வரியில் 75,000 ரூபாய் கழிவு உண்டு என்று பலர் சொல்வார்கள். உண்டு, ஆனால் பழைய வரிமுறையில் மட்டும். உங்கள் இருவர் வருமானத்துக்கும் புதிய முறையில் வரியே வராது. அதற்காக அலையாதீர்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றுதான் எனக்குக் கவலை: கணவருக்கு டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது அவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, இருக்கிறதா? இல்லையென்றால் எஸ்.ஐ.பி.யை மறுபடி தொடங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள். வீட்டுக்கடன் இருப்பதால், 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின்கீழ் எடுக்கச் சொல்லுங்கள். அப்போது அந்தப் பணம் உங்களுக்கும் மகனுக்கும்தான் வரும். கடன் கொடுத்தவர்கள் அதில் கைவைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே இதைக் குறிப்பிட வேண்டும், பிறகு சேர்க்க முடியாது.