பழைய டேபிள் சா (மேசை ரம்பம்): தூளை எப்படிப் பிடிப்பது? (கேள்வி பதில்)

செந்தூலிலிருந்து: அண்ணே, என்னுடையது மோட்டார் பின்னால் தொங்கும் பழைய ரகம். வேக்கம் கிளீனர் மாட்டியும் தூள் எல்லாம் தரையில்தான் கொட்டுகிறது. பெரிய டஸ்ட் கலெக்டர் (தூள் உறிஞ்சும் மெஷின்) வாங்கிவிடவா?

வாங்கலாம் தம்பி, ஆனால் முதலில் மெஷினின் அடியில் குனிந்து பாருங்கள். அடிப்பக்கம் முழுசாகத் திறந்திருக்கும். பின்னால் பெல்ட் போகும் இடமும் ஓட்டை. அதை அடைக்காமல் எதை மாட்டினாலும் சும்மா காற்றைத்தான் இழுக்கும்.

உள்ளே பிளைவுட்டைச் சாய்வாக அடித்து, தாழ்ந்த முனையில் ஹோஸ் மாட்ட 4 அங்குல வாய் வையுங்கள். சாய்வு 45 டிகிரி இருந்தால் தூள் தானாகச் சரியும். அதைவிடப் படுத்தால் மெராந்தி மரத்தூள் அங்கேயே குவியும். பின்பக்க ஓட்டையை அடைக்கும் பலகையை வெட்டுவதற்கு முன் பிளேடை முழுக்கச் சாய்த்துப் பாருங்கள். மோட்டாரும் கூடவே நகரும், பலகையில் இடிக்கும். நேர்வெட்டுக்கு மட்டும் காந்தம் வைத்து ஒட்டி, சாய்வுவெட்டின்போது கழற்றிவிடுவது சுலபம்.

கெப்போங்கிலிருந்து: எல்லா ஓட்டையையும் டேப் போட்டு அடைத்துவிடலாமா?

கூடாது. காற்று உள்ளே வர வழியில்லை என்றால் தூளை எது இழுத்துக்கொண்டு போகும்? பிளேடு உயரத்தை மாற்றும் கைப்பிடியின் பிளவை அப்படியே விடுங்கள்.

செராஸிலிருந்து: வேக்கம் கிளீனரே போதாதா?

சாண்டருக்கு (மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் மெஷின்) போதும். டேபிள் சாவுக்கு இழுவிசையைவிடக் காற்றின் அளவு முக்கியம். 4 அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு, வேக்கம் கிளீனரின் 2.5 அங்குலக் குழாயைப்போல இரண்டரை மடங்கு. மடிப்பு ஹோஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

செந்தூல் தம்பியே மறுபடியும்: அடியை அடைத்த பிறகும் முகத்தில் தெறிக்குமா?

தெறிக்கும். பிளேடின் பற்கள் சுற்றி மேலே வரும்போது தூளையும் கொண்டுவரும். பலகை ஓரத்தை மெல்லிசாகச் சீவினால் இன்னும் மோசம். பிளேடு மூடியில் ஒரு ஹோஸ் வேண்டும். உங்கள் வேக்கம் கிளீனருக்கு இப்போது வேலை வந்துவிட்டது. டேபிள் சாவையும் அதையும் ஒரே 13 ஆம்பியர் பிளக்கில் போடாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: கார் நிறுத்தும் இடத்தில்தான் அறுக்கிறேன், ஃபேன் இருக்கிறது. மாஸ்க் எதற்கு?

ஃபேன் உங்கள் தூளைப் பக்கத்து வீட்டுக் கொடித்துணிக்கு அனுப்பும், அவ்வளவுதான். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995லேயே வகைப்படுத்திவிட்டது. கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் நுரையீரலின் அடிவரை இறங்கும். டஸ்ட் கலெக்டரின் சாதாரணத் துணிப்பை அதை மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடும். 1 மைக்ரான் நுண்தூளையும் பிடிக்கும் பை கேளுங்கள். எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அறுத்தால் என்95 மாஸ்க் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

அவரே: சேர்ந்த தூளைச் செடிக்குப் போடலாமா?

எம்டிஎஃப், பிளைவுட் தூள் என்றால் வேண்டாம், பசை கலந்திருக்கும். வெறும் மரத்தூளை மக்கவைத்துப் போடுங்கள்.