கிரேஸ் ஜோன்ஸ் நல்ல பாடகிதானா, இல்லை போட்டோக்காரர்கள் உருவாக்கிய தோற்றமா?

கேட்டவர் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் 'மே டே'யாக அவரைப் பார்த்துவிட்டு, அப்புறம் யூடியூபில் பாட்டைத் தேடியிருக்கிறார். "குரல் பெரிசா ஒண்ணும் இல்லையே, எல்லாம் மேக்கப்பும் கேமராவும்தானே?" என்பது அவருடைய சந்தேகம்.

மும்பையில் விளம்பரப் படங்களுக்கு ரீடச்சிங், அதாவது எடுத்த படத்தைத் திருத்தி மெருகேற்றும் வேலை, செய்து பிழைக்கிறவன் நான். ஓர் ஆளைப் படத்தில் எவ்வளவு தூரம் 'உருவாக்க' முடியும் என்பதுதான் என் சோறு. அதனால் கேமராவிலிருந்தே தொடங்குகிறேன்.

கிரேஸ் ஜோன்ஸ் என்றதும் பலர் மனதில் வருவது 1985-ல் வெளியான 'ஐலண்ட் லைஃப்' பாடல் தொகுப்பின் அட்டை. ஒற்றைக் காலில் நிற்கிறார். இன்னொரு கால் பின்னால் நீண்டு உயர்ந்திருக்கிறது. கையில் மைக், உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு. பின்னால் போகிற காலும் நம்மைப் பார்க்கிற உடம்பும் ஒன்றோடொன்று சேரவே சேராது. யாராலும் அப்படி நிற்க முடியாது. ழான் போல் கூத் என்ற பிரெஞ்சுக்காரர் அதை 1978-ல் ஒரு நியூயார்க் பத்திரிகைக்காகச் செய்தார். தனித்தனி நிலைகளில் படம் எடுத்து, கத்தரித்து, காலையும் கழுத்தையும் நீட்டி ஒட்டி, ஒட்டுத் தெரியாமல் வண்ணம் பூசிவிட்டார். ஃபோட்டோஷாப் சந்தைக்கு வந்தது 1990-ல்! சோர் பஜாரில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் அந்த அட்டையை வெயிலில் பிடித்துக்கொண்டு ஒட்டு எங்கே என்று தேடியிருக்கிறேன். தோலின் மேல் ஓடுகிற வெளிச்சம் கண்ணை வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. கடைக்கார சாச்சா, "வாங்கறியா, பார்த்துட்டே நிக்கப்போறியா?" என்று இந்தியில் கேட்டபிறகுதான் கீழே வைத்தேன்.

ஆக, அந்தப் போஸ் உருவாக்கப்பட்டதுதான். ஆனால் ஒட்டுவதற்குத் துண்டுகள் வேண்டுமே. அவை எங்கிருந்து வந்தன?

1948-ல் ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுனில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அமெரிக்கா போய்விட, பாட்டி வீட்டில் வளர்ந்தார். பெந்தெகொஸ்தே குடும்பம். பாட்டியின் இரண்டாவது கணவர் பைபிளையும் பிரம்பையும் சேர்த்தே வைத்திருந்தவர். மேடையில் கண்ணை உருட்டி ஆளை மிரட்டுகிற பாவனை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று கிரேஸே சொல்லியிருக்கிறார். 13 வயதில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸுக்குப் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தார். கல்லூரியில் நாடகத்தில் ஆசை, பிறகு நியூயார்க் நகரில் மாடலிங். 1970-ல் பாரிஸ். அங்கே மாடல் ஜெர்ரி ஹாலும் நடிகை ஜெசிக்கா லாங்கும் அவரோடு ஒரே வீட்டில் தங்கியவர்கள். ஹெல்மட் நியூட்டன், கீ பூர்தான் போன்ற பெரிய ஃபேஷன் போட்டோக்காரர்கள் அவரைப் படமெடுத்தார்கள். கூத்தின் கத்தரி வருவதற்கு முன்பே அந்த முகமும் நடையும் பாரிஸில் விலைபோய்விட்டன.

பாட்டுக்கு வருவோம். 1977 முதல் 1979 வரை டாம் மோல்ட்டன் தயாரிப்பில் மூன்று டிஸ்கோ ஆல்பங்கள். பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபின் 'லா வி ஆன் ரோஸ்' பாட்டை மெதுவான தாளத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பாடியிருப்பார். அது எனக்கு இன்றும் பிடிக்கும். மற்றதில் பாதியைத் தாண்டிவிடலாம். கேள்வி கேட்டவர் சொன்ன 'பெரிசா ஒண்ணும் இல்லாத' குரல் இந்தக் காலத்துக் குரல்தான். சுருதிக்காக மூச்சு முட்டுகிறார், தெரிகிறது.

பிறகு டிஸ்கோவுக்கே நேரம் கெட்டது. 1979-ல் சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த அலையில் காணாமல் போன பாடகர்கள் நிறைய. கிரேஸ் போகவில்லை. ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் முதலாளி கிறிஸ் பிளாக்வெல் அவரை பஹாமாஸில் நசாவில் உள்ள காம்பஸ் பாயிண்ட் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். டிரம்ஸில் ஸ்லை டன்பார், பேஸில் ராபி ஷேக்ஸ்பியர், கீபோர்டில் வாலி படாரு. ஜமைக்கா தாளமும் ஐரோப்பிய சிந்தசைசரும் ஒரே அறையில். கிரேஸின் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டி, இந்தப் படம் பார்க்க எப்படி இருக்கிறதோ அப்படியே இசையும் ஒலிக்கவேண்டும் என்று வாசிப்பவர்களிடம் பிளாக்வெல் சொன்னதாகச் சொல்வார்கள். 'தோற்றம்தானே' என்று கேட்பவருக்கு என் பதில் இந்தச் சம்பவம்தான். அங்கே தோற்றம் பாட்டை மறைக்கிற திரையாக இருக்கவில்லை. பாட்டின் ஸ்வரக்குறிப்பே அதுதான்.

அங்கே கிரேஸ் தன் குரலை என்ன செய்தார் என்று கவனியுங்கள். மேலே ஏறுவதை விட்டுவிட்டார். கீழ் ஸ்தாயியில் பாதி பேச்சும் பாதி பாட்டுமாக, வார்த்தையைத் தாளத்தின் அடிக்கு ஒரு மயிரிழை பின்னால் வைக்கிறார். அர்ஜென்டினா இசையமைப்பாளர் ஆஸ்தர் பியசோலாவின் டாங்கோ மெட்டில் அமைந்த 'ஐ ஹாவ் சீன் தட் ஃபேஸ் பிஃபோர்' பாட்டில் நடுவே பிரெஞ்சில் பேச ஆரம்பிப்பார். மிரட்டலா கெஞ்சலா என்று பிடிபடாது. ஸ்லை-ராபியின் தாளத்துக்கு மேல் அப்படி அசையாமல் நிற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நான் ஒரு படத்தில் இடுப்பைக் குறைக்கலாம், தாடையைக் கூர்மையாக்கலாம். இந்த நிதானத்தை எந்த மென்பொருளாலும் ஒட்டவைக்க முடியாது. அந்தப் பாட்டு உள்ள 'நைட்கிளப்பிங்' (1981) ஆல்பத்தை அந்த வருடத்தின் சிறந்த ஆல்பமாக பிரிட்டனின் என்.எம்.இ. இசைப் பத்திரிகை தேர்ந்தெடுத்தது.

அந்த ஆல்பத்தின் அட்டையும் கூத்தின் வேலைதான். ஆண் பிள்ளைகளின் கோட், தட்டையாக வெட்டிய முடி, உதட்டில் பற்றவைக்காத சிகரெட். தோலின் கருப்பை நீலம் பாரிக்கும் அளவுக்கு இன்னும் அழுத்தியிருப்பார். எங்கள் ஸ்டுடியோவுக்கு வரும் ஃபைல்களில் பாதிக்கு மேல் "ஸ்கின் டோன் கொஞ்சம் ஏத்துங்க" என்ற குறிப்போடுதான் வரும். ஏற்றுவது என்றால் வெளுப்பாக்குவது. மாநிறப் பெண்ணையே கோதுமையாக்கிக் கேட்கிற ஊரில் இருந்துகொண்டு அந்த அட்டையைப் பார்த்தால் கொஞ்ச நேரம் மவுஸ் ஓடாது. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தாராவிப் பையன் ஒருவன் அதைத் திரையில் பார்த்துவிட்டு, "அண்ணே, இது நம்ம ஊர்க் கலருண்ணே, இதையா கவர்ல போட்டாங்க?" என்றான்.

கூத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் நான் தயாராக இல்லை. கிரேஸைக் கூண்டுக்குள் உறுமும் மிருகமாக நிறுத்தி அவர் எடுத்த படமும் இருக்கிறது. 1982-ல் தன் புத்தகத்துக்கே அதை அட்டையாக்கினார். கருப்புப் பெண்ணைக் காட்டு விலங்காகக் காட்டும் பழைய வெள்ளைக்காரக் கற்பனைதான் அது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. இருவரும் காதலர்களாக இருந்தவர்கள், ஒரு மகனும் உண்டு. அதனால் அந்தப் படம் சரியாகிவிடாது. ஆனால் கூத்தைப் பிரிந்தபிறகும் கிரேஸ் நாற்பது வருடம் மேடையை ஆண்டிருக்கிறார். உருவாக்கியவர் விலகியும் பொம்மை நடந்தால், அது பொம்மை இல்லையே!

சினிமாவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 1984-ல் ஷ்வார்ஸ்னேக்கருடன் 'கோனன் தி டெஸ்ட்ராயர்', 1985-ல் ரோஜர் மூர் நடித்த பாண்ட் படம் 'எ வியூ டு எ கில்', 1986-ல் 'வாம்ப்'. பாண்ட் படத்தில் மே டேவுக்கு வசனம் குறைவு, பார்வைதான் அதிகம். மற்றவர்கள் எல்லாம் களைத்துப்போய்த் தெரிகிற அந்தப் படத்தில் உயிரோடு இருக்கிறவர் அவர் ஒருவர்தான் என்பேன். நடிகையாக அவரை ரசிக்க வேண்டுமென்றால் எடி மர்ஃபியின் 'பூமராங்' (1992) பாருங்கள். தன் அலட்டலைத் தானே கிண்டல் செய்திருப்பார். வெறும் தோற்றமாக இருப்பவர்களுக்கு அந்தத் தைரியம் வராது.

இன்னொன்று. 2012-ல் எலிசபெத் ராணியின் வைர விழாக் கச்சேரி, பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வெளியே. 'ஸ்லேவ் டு த ரிதம்' பாட்டை முதலிலிருந்து கடைசிவரை இடுப்பில் ஹூலா வளையம் சுற்றிக்கொண்டே பாடினார். வளையம் விழவில்லை. அப்போது வயது 64. ஒரே டேக், ரீடச்சிங் கிடையாது.

கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள். மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், ராபியின் பேஸ் அதில் வரவே வராது. நல்ல ஹெட்போன் போட்டு முதலில் 'நைட்கிளப்பிங்', அடுத்து 'வார்ம் லெதரெட்' (1980). பிடித்திருந்தால் பத்தொன்பது வருட இடைவெளிக்குப்பின் 2008-ல் வந்த 'ஹரிகேன்'. அதில் 'வில்லியம்ஸ் பிளட்' என்று அம்மா வழிக் குடும்பத்தைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. டிஸ்கோ ஆல்பங்களை அதற்கப்புறம் தொட்டால் போதும்.