தண்டல்காரர் தரும் கோப்பை

அன்புள்ள அண்ணா,

தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன கேரம் கிளப் நடத்துகிறோம். மாடிப்படிக்குக் கீழே இரண்டு போர்டு, ஒரு டியூப்லைட், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். செரியன் நகர் காசிமா 2024இல் அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு பெண்பிள்ளைகளையும் நம்பி அனுப்புகிறார்கள்.

அடுத்த மாதம் எங்கள் பக்கத்தில் ஒரு ஓப்பன் டோர்னமென்ட். நடத்துகிறவர் தண்டல் விடுகிறவர், தினவசூல் வட்டிக்குப் பணம் தருகிறவர். கேரம் சங்கப் போட்டி இல்லை, ஜெயித்தாலும் மாநில அணிக்கு உதவாது. ஆனால் முதல் பரிசு இருபதாயிரம், ஆடுகிற எல்லோருக்கும் பிரியாணி, அவர் படம் போட்ட டி-ஷர்ட்.

எங்கள் கிளப்பில் நன்றாக ஆடுகிற ஒரு பெண்ணின் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டி நடத்துகிற இவரிடம்தான் பணம் வாங்கினார். நாலு நாள் கட்டவில்லை என்று வசூல் பையன்கள் வாசலில் நின்று தெருவே கேட்கும்படி பேசிவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் அப்போது வீட்டுக்குள் இருந்தாள்.

புறக்கணிப்போம் என்று கிளப்பில் சொன்னேன். "இப்படிப் பார்த்தா எந்த மேட்சும் ஆட முடியாது" என்கிறார்கள் பையன்கள். அந்த அம்மாவோ, "அவ ஆடட்டும் தம்பி, எங்க கதைய அதுல இழுக்காதீங்க" என்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை. போகலாமா, வேண்டாமா? போகாவிட்டால் ஏன் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாமா?

எஸ்., தண்டையார்பேட்டை

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் அந்த அம்மா பேசுவது ஒரே ஒரு வரி. மீதி எல்லாம் உங்கள் கோபம். நியாயமான கோபம்தான், படிக்கும்போது எனக்கும் வந்தது. ஆனால் போவதா வேண்டாமா என்று என்னைக் கேட்பதற்கு முன்னால், அந்த ஒரு வரியை எதற்காகச் சொன்னார் என்று அவரைக் கேட்டீர்களா? பிள்ளை ஆட வேண்டும் என்ற ஆசையில் சொன்னாரா, கிளப் வராமல் போனால் நாளைக்கு வசூலுக்கு வருகிறவன் அதற்கும் சேர்த்துப் பேசுவான் என்ற பயத்தில் சொன்னாரா? பயம் என்றால், முடிவு உங்களுடையது, அடி அவருக்கு.

வெளியூர் வாசகர்களுக்காகத் தண்டல் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் என்று பேசினால் கையில் வருவது 8,500. 1,500 முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். பிறகு தினம் 100 ரூபாய், 100 நாள். மேலோட்டமாகப் பார்த்தால் பதினைந்து சதவீதம் மாதிரி இருக்கும். ஆனால் தினமும் கட்டக் கட்ட அசல் கரைந்துகொண்டே போகிறதே, அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 120 சதவீத வட்டி வருகிறது. இது கொஞ்சம் மரியாதையான தண்டல். இதைவிட மோசமானதும் உண்டு. அதீத வட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் வந்த சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. இருந்தும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாமல், மீன் வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும்போது, விடியற்காலை ஏலத்தில் ஒரு கூடை எடுக்க யார் பணம் தருவார்கள்? வங்கி பத்து மணிக்குத்தான் திறக்கும். அதனால் தண்டல்காரரை வெறும் வில்லனாக நான் எழுத மாட்டேன். நம் பக்கத்தில் எத்தனையோ வீட்டுச் சாவுச் செலவும் காதுகுத்தும் அந்தப் பணத்தில்தான் நடந்திருக்கின்றன.

உங்கள் பையன்கள் கேட்பதும் அதைத்தானே. பணம் எங்கிருந்து வந்தது என்று தோண்டினால் வடசென்னையில் எந்தக் கோப்பையையும் தொட முடியாது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். நாளைக்கே ஒரு தொழிற்சாலை தன் பெயர் போட்ட ஜெர்சியோடு பிள்ளைகளுக்குப் போட்டி நடத்தினால் எத்தனை கிளப் வேண்டாம் என்று சொல்லும்? எல்லோரும் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. சுத்தமான கையால்தான் கோப்பை வாங்குவோம் என்றால் கேரம் பவுடரை முகத்துக்குப் பூசிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

ஆனால் உங்கள் விஷயம் அதுவல்ல. எங்கோ எப்போதோ நடந்த தப்பைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. போட்டி நடத்துகிறவரின் ஆட்கள் உங்கள் கிளப் பிள்ளையின் வாசலில் நின்று அவள் அம்மாவைக் கேவலமாகப் பேசியிருக்கிறார்கள், கடன் இன்னும் முடியவில்லை, நாளைக்கும் வருவார்கள். அதே மனிதர் தன் படத்தை அந்தப் பிள்ளையின் மார்பில் மாட்டி மேடையில் நிறுத்தி போட்டோ எடுத்துக்கொள்வார். அந்த போட்டோதான் அவருக்கு வேண்டியது, இருபதாயிரம் அதற்கான விலை. இப்போது இருக்கிற நிலையில் இந்தப் போட்டிக்கு நீங்கள் கிளப்பாகப் போகக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் இருந்துவிடாதீர்கள். அதில் உங்கள் மனசு ஆறும், அவருக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் இடத்துக்கு வியாசர்பாடியிலிருந்து இன்னொரு கிளப் வந்துவிடும். நேன் கோல்டின் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் செய்ததைப் பாருங்கள். வலி மாத்திரை விற்றுப் பணம் சேர்த்த சாக்லர் குடும்பத்திடமிருந்து லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் காலரிக்குப் பத்து லட்சம் பவுண்டு நன்கொடை வருவதாக இருந்தது. அந்த மாத்திரைக்கு அடிமையாகி மீண்டவர் கோல்டின். "அந்தப் பணத்தை வாங்கினால் என் கண்காட்சி உங்களிடம் நடக்காது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். 2019 மார்ச்சில் அந்த நன்கொடை கைவிடப்பட்டது. காலரிக்கு அவர் வேண்டியிருந்தார், அதனால் அவர் பேச்சு எடுபட்டது. நம் ஊர் கேரம் போட்டியிலும் ஆட்டக்காரர் வந்தால்தான் கூட்டம் வரும். நீங்கள் மட்டும் விலகினால் ஒரு கிளப் குறைந்தது, அவ்வளவுதான். பக்கத்துக் கிளப்கள் இரண்டு மூன்றும் உங்களோடு நின்றால் செமிஃபைனலில் உட்கார ஆள் இருக்காது. அவர்கள் பிள்ளைகள் வீட்டிலும் தண்டல் அட்டை இருக்கும், பேசிப் பாருங்கள்.

இங்கே ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918இல் சங்கம் கட்டினார்கள், மதராஸ் தொழிலாளர் சங்கம். நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது அதை. மூன்று வருஷத்தில், 1921இல் பெரிய வேலைநிறுத்தம். ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் அதில் சேரவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, மாதக்கணக்கில் இழுத்த வேலைநிறுத்தம் தோற்றது. நிர்வாகத்தின் பிரித்தாளும் தந்திரம், சாதி, தலைவர்களின் அரசியல் என்று காரணங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. எனக்கு அதில் முதலில் தெரிவது வேறு: யார் வீட்டு அடுப்பு முதலில் அணையும் என்று கேட்காமல் எல்லோரையும் ஒரே தெம்பு உள்ளவர்களாக நினைத்துக்கொண்டது. வேலைக்குப் போனவனைத் துரோகி என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கும். உங்கள் கிளப்பில் அந்த அம்மாவைப் பற்றி அப்படி ஒரு முணுமுணுப்பு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஆகவே முதலில் அவரிடம் போங்கள். தனியாக, முடிந்தால் உங்கள் வீட்டுப் பெண்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு. எத்தனை நாள் தவணை பாக்கி என்று கேளுங்கள். கிளப்பில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அடைக்கிற தொகையாக இருந்தால், ஸ்ட்ரைக்கர் வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு அதை முடியுங்கள். கடன் தீர்ந்த பிறகு அவர் பேசுவது வேறு மாதிரி இருக்கும். கட்டிய பணத்துக்குக் கையெழுத்துப் போட்ட அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம் என்றும் சொல்லுங்கள். என்றைக்காவது புகார் கொடுக்க நினைத்தால் அதுதான் சாட்சி.

அதன் பிறகும் அவர், "என் பொண்ணு ஆடட்டும்" என்றால் ஆடட்டும். கிளப் பெயரில் வேண்டாம், அவள் பெயரிலேயே போகட்டும், நீங்கள் துணைக்குப் போய்க் கூட்டத்தில் உட்காருங்கள். மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டால் எழுந்து போக வேண்டாம். இதில் முரண் இருக்கிறது என்று உங்கள் பையன்கள் சொல்வார்கள். இருக்கட்டும். அவளுக்கு அந்த ஆட்டம் வேண்டும், உங்களுக்கு அந்த மேடை வேண்டாம்.

அந்த அம்மா சம்மதித்தால் மட்டும் நடத்துகிறவரிடம் பேசுங்கள். மைக்கில் மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள், அந்த அம்மா கேட்காத ஒன்றை நீங்கள் கேட்க வேண்டாம். இரண்டே விஷயம் போதும்: எந்தப் பிள்ளை வீட்டு வாசலிலும் அவருடைய ஆட்கள் நின்று பேசக் கூடாது, டி-ஷர்ட்டில் படம் கூடாது. அந்த வீட்டை மட்டும் குறிப்பிட்டுச் சொல்லாதீர்கள், பொதுவாகச் சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொள்ளவும் கூடும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெருவில் பெயர் முக்கியம், இல்லையென்றால் எதற்குக் கேரம் போட்டி நடத்துகிறார்?

ஸ்டேட்டஸ் போடாதீர்கள். பெயரை மறைத்தாலும் உங்கள் தெருவில் யார் என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் ஒரு தடவை பேசியதை நீங்கள் நூறு போனில் இன்னொரு தடவை பேசியதாகிவிடும். போகவில்லை என்றால் ஏன் என்று கேட்கிற கிளப்காரர்களிடம் நேரில் சொல்லுங்கள்.

என்ட்ரி கடைசித் தேதிக்கு முன்னால் பேசிவிடுங்கள். டி-ஷர்ட் அச்சுக்குப் போய்விட்டால் அவருக்கே மனசு வந்தாலும் இறங்கி வர முடியாது.