கழுத்துத் தசைநார் எலும்பானால்: வாசகர் கேள்விகள்

கே: எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு சி.டி.யும் கேட்கிறார்கள். வீண் செலவுதானே?

ப: இல்லை. தண்டுவடம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். நசுக்குவது கழுத்தெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வா, அவற்றைப் பிணைத்திருந்து இப்போது எலும்பாகிவிட்ட தசைநாரா என்பதை சி.டி.தான் தெளிவாகக் காட்டும்.

கே: ஸ்கேன் அறிக்கையை இணைத்துள்ளேன். ஆபரேஷன் தேவையா?

ப: வயது எழுதவில்லை. நடை தள்ளாடுகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, சிறுநீரை அடக்க முடிகிறதா, எதுவும் இல்லை. அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது? விரல்களை வேகமாக மூடித் திறந்து பாருங்கள். 10 விநாடியில் 20 முறையாவது வரவேண்டும். வெகுவாகக் குறைந்தால், என் பதிலுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போங்கள்.

கே: எலும்பைக் கரைக்க மாத்திரை உண்டா?

ப: கிடையாது.

கே: அப்பாவுக்கு வயது 62. இந்த நோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். முடிதிருத்தும் கடையில் கழுத்தில் நெட்டி எடுத்தால் இதமாக இருக்கிறதாம். தொடரலாமா?

ப: கூடவே கூடாது. இன்றே நிறுத்துங்கள். நடந்து வந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டு போனவர், நெட்டி எடுத்த அன்றே கைகால் விழுந்து ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். எலும்பு ஏற்கெனவே தண்டுவடத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழுத்தைச் சட்டென்று திருப்பினால் விலகிக்கொள்ளத் தண்டுவடத்துக்கு இடமில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தாலும் இதே கதிதான். சுளுக்கு எடுப்பது, கழுத்தை இழுத்துக் கட்டுவது, எண்ணெய் தேய்த்து முறுக்குவது எதுவும் வேண்டாம். நடை தள்ளாடினால் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை முதலில் செய்வது, மேலும் கெடாமல் தடுப்பது. நாள்பட நசுங்கிய தண்டுவடம் முழுதாகத் தேறுவது அரிது. ஆறு மாதம் எண்ணெய் தேய்த்துவிட்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் மனம் பொறுக்கவில்லை.

கே: ஒருவர் கழுத்தின் முன்பக்கம் அறுக்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் பின்பக்கம் என்கிறார். யாரை நம்ப?

ப: கழுத்தின் இயல்பான வளைவு கெடாமலிருந்து, பல கணுக்களில் எலும்பு படர்ந்திருந்தால் பின்வழி நல்லது. 1970களில் ஜப்பானியர் வகுத்த முறைப்படி, முதுகெலும்பின் பின்சுவரைக் கதவுபோலத் திறந்து வைப்பார்கள்; தண்டுவடம் பின்னால் நகர்ந்துகொள்ளும். தண்டுவடம் செல்லும் குழாயில் எலும்பு 60 சதவீதத்துக்கு மேல் அடைத்திருந்தாலோ, இயல்பான வளைவு கெட்டுக் கழுத்து முன்னோக்கிக் குனிந்திருந்தாலோ முன்வழியே பெரும்பாலும் பலன் தரும். ஆனால் எலும்பு தண்டுவட உறையோடு ஒட்டியிருந்தால் உறை கிழிந்து நீர் கசியலாம். கைதேர்ந்தவரிடமே செய்துகொள்ளுங்கள்.

கே: ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் தோளைத் தூக்க முடியவில்லை.

ப: 100 பேரில் ஏறக்குறைய ஐவருக்கு ஐந்தாம் கழுத்து நரம்பு இப்படிச் சோர்வதுண்டு; பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் திரும்பிவிடும். ஆனாலும் இன்றே உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே இரத்தம் கட்டவில்லை என்று அவர் உறுதிசெய்ய வேண்டும்.

கே: எலும்பு மறுபடி வளருமா?

ப: பின்வழியில் செய்திருந்தால் எலும்பு அங்கேயே இருக்கும், மெல்ல வளரவும் கூடும். ஆண்டுக்கொரு முறை காட்டுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் நெட்டி எடுக்கக் கூடாது.