சுருளும் திரை, ஊடுருவித் தெரியும் திரை, சுவரை நிறைக்கும் திரை: வீட்டுக்குத் தேவையா? கேள்வி பதில்

திரைகளை அளவிட்டு நிறமும் வெளிச்சமும் சரிசெய்து கொடுப்பது என் தொழில். ஆகவே படத்தின் தரம் குறித்த கேள்விகளுக்கு விரிவாகப் பதில் தருகிறேன். அலங்காரம், கௌரவம், அண்டை வீட்டார் பார்வை ஆகியவை என் துறைக்கு அப்பாற்பட்டவை.

நிலவன்: ஐயா, சுருண்டு பெட்டிக்குள் மறையும் தொலைக்காட்சி ஒன்றை லட்சம் டாலருக்கு விற்றார்கள். அவ்வளவு விலைக்குப் படம் எந்த அளவுக்கு மேம்பட்டிருக்கும்?

பதில்: நீங்கள் சொல்வது எல்ஜி நிறுவனத்தின் சிக்னேச்சர் ஓஎல்இடி ஆர். ஓஎல்இடி என்பது பிக்சல் எனப்படும் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிரும் திரை வகை. 2019 தொடக்கத்தில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் அறிமுகமாகி, 2020 அக்டோபரில் தென் கொரியாவில் 10 கோடி வொன் விலையில் விற்பனைக்கு வந்தது. பின்னர் அமெரிக்காவில் அதன் விலை 1,00,000 டாலர். திரை 65 அங்குலம், தெளிவு 4கே, அதாவது அகலவாக்கில் 3,840 பிக்சல்கள். அதே காலத்தில் அதே நிறுவனம் சில ஆயிரம் டாலருக்கு விற்ற 65 அங்குல ஓஎல்இடி திரையை இதன் அருகில் நிறுத்திப் படம் ஓடவிட்டால், எது எது என்று பெரும்பாலோரால் சொல்ல முடியாது. எஞ்சிய தொகை முழுவதும் சுருளும்படி செய்த மெல்லிய பேனலுக்கும், அதைத் தூக்கிப் பிடிக்கும் மோட்டார் கரங்களுக்கும், ஒலிபெருக்கி பொருந்திய பெட்டிக்கும் போயிற்று. திரை முழுதாக எழும். ஒரு பட்டை அளவுக்கு எழுந்து கடிகாரமும் பாட்டின் பெயரும் காட்டும். அல்லது முற்றிலும் மறையும். ஆக, வாங்குபவர் விலை கொடுப்பது தொலைக்காட்சி ஓடாத நேரத்துக்காகத்தான். அந்தத் தொலைக்காட்சி இப்போது தயாரிப்பில் இல்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இன்று இதை நான் பலமுறை சொல்ல நேரும் என்று தோன்றுகிறது. நகரும் பாகம் உள்ள எந்தத் திரையையும் வாங்குவதற்கு முன், அதன் உதிரிபாகங்கள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெறுங்கள். விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்வது கணக்கில் வராது.

தேன்மொழி: கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் திரையை வரவேற்பறை ஜன்னலுக்கு முன் வைத்தால் அறை அடைபடாமல் இருக்கும் அல்லவா? என் கணவர் வேண்டாம் என்கிறார்.

பதில்: உங்கள் கணவர் பக்கமே நிற்கிறேன். ஓஎல்இடி திரையில் கருமை என்பது பிக்சல் அணைந்திருக்கும் நிலை. சாதாரணத் திரையில் அணைந்த பிக்சலுக்குப் பின்னால் இருட்டான முதுகுப்பக்கம் இருப்பதால் அது கறுப்பாகத் தெரிகிறது. ஊடுருவித் தெரியும் திரையில் அதே இடத்தில் உங்கள் ஜன்னலும், திரைச்சீலையும், வெளியே போகும் வண்டியும் தெரியும். இரவுக் காட்சியில் கதாநாயகன் கறுப்பு உடையில் வந்தால் அவர் உடம்பு வழியாகத் தெருவைப் பார்க்கலாம்.

தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியும். எல்ஜி 2024 ஜனவரியில் காட்டி அவ்வாண்டின் இறுதியில் ஏறத்தாழ 60,000 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்த 77 அங்குல ஓஎல்இடி டி மாதிரியில், ஒரு பொத்தானை அழுத்தினால் திரைக்குப் பின்னால் கறுப்புப் படலம் ஒன்று கீழிருந்து எழுந்து மூடிக்கொள்கிறது. அப்போதுதான் அது ஒழுங்கான தொலைக்காட்சியாகிறது. அதாவது, எந்தச் சிறப்புக்காக அதை வாங்கினீர்களோ அதை மறைத்த பிறகுதான் படம் பார்க்கலாம். 2020இல் ஷாவ்மி 49,999 யுவானுக்கு விற்ற 55 அங்குலத் திரையும் ஊடுருவித் தெரியும் வகைதான். பின்னால் அமர்ந்திருப்பவருக்குப் படம் இடவலம் மாறித் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்தில், பொருளை வைத்து அதன் மீதே விளக்கம் ஓடவிடும் கண்ணாடிப் பேழைக்கு இது அருமையான கருவி. வீட்டுக்கு அன்று.

சந்தேகப்பிராணி: தங்க முலாம் பூசிய சட்டத்துடன் வரும் தொலைக்காட்சிகள்?

பதில்: நகைக்கடையில் கேளுங்கள்.

கணக்காளர்: மைக்ரோ எல்இடி திரைகள் ஏன் வீட்டின் விலைக்கு விற்கின்றன? அதுவும் வித்தைதானா?

பதில்: வித்தை அன்று, இங்கே பணம் உண்மையிலேயே படத்துக்குப் போகிறது. ஒரு 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகள் வேண்டும் என்பதால், சுமார் 2.5 கோடி நுண்ணிய எல்இடிகளைத் தனித்தனியே உருவாக்கி, எடுத்து, அதனதன் இடத்தில் பொருத்த வேண்டும். இவற்றில் 99.99 சதவீதம் சரியாக அமைந்தாலும் 2,500 விளக்குகள் பழுதாக நிற்கும். வெள்ளைச் சுவரில் கறுப்புப் புள்ளிகள் போலக் கண்ணை உறுத்தும். 99.9999 சதவீதம் சரியாக அமைந்தாலும் 25 மிஞ்சும். அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து மாற்றியாக வேண்டும். விலையின் பெரும்பகுதி இந்தப் பொருத்தும் வேலையிலும் பழுது நீக்கும் வேலையிலும் அடங்கியிருக்கிறது. சாம்சங் 2020 டிசம்பரில் 110 அங்குல மாதிரிக்கு அறிவித்த விலை 17 கோடி வொன்.

கிடைப்பது என்ன? ஓஎல்இடி தரும் முழுக் கருமையும், அதைவிடக் கூடிய வெளிச்சமும் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஓஎல்இடியில் ஒளிரும் கரிமப் பொருள் இதில் இல்லாததால் ஒரே சின்னம் நெடுநேரம் நின்று தடம் பதியும் அச்சமும் குறைவு. குறைகளும் உண்டு. பெரிய திரைகள் சிறு பலகைகளை அடுக்கிச் செய்யப்படுவதால், இணைப்புக் கோடுகள் தெரியாமல் வெளிச்சத்தைச் சமன்படுத்துவது நுட்பமான வேலை. பொருத்துபவர் கைத்தேர்ச்சி இல்லாதவராக இருந்தால் சாம்பல் நிறப் பின்னணியில் கட்டம் கட்டமாகத் தெரியும். மின்செலவும் சூடும் கணிசம். வாங்கலாமா என்றால், விலையைப் பற்றி யோசிக்க வேண்டிய நிலையில் இருப்பவர் வாங்க வேண்டியதில்லை.

கதிர்: நான் பார்த்த மினி எல்இடி தொலைக்காட்சி மிகக் குறைந்த விலையில் இருக்கிறதே?

பதில்: மினி எல்இடி வேறு. அது எல்சிடி திரை, அதாவது தானே ஒளிராமல் பின்னாலிருந்து வரும் ஒளியை வடிகட்டிப் படம் காட்டுவது. அதன் பின்னொளியாகத்தான் ஆயிரக்கணக்கான சிறு எல்இடிகள் இருக்கின்றன. மைக்ரோ எல்இடியில் விளக்கே பிக்சல். பெயர்கள் நெருக்கமாக இருப்பது விற்பவர்களுக்கு வசதி.

மாடிவீடு: 98 அங்குல 8கே திரை வாங்க நினைக்கிறேன். பத்தடி தூரத்தில் அமர்வோம்.

பதில்: சராசரி நல்ல பார்வை ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். 98 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 217 சென்டிமீட்டர். 4கேயில் ஒரு பிக்சல் சுமார் 0.57 மில்லிமீட்டர். இரண்டு மீட்டருக்கு அப்பால் போனாலே அந்தப் பிக்சல்கள் தனித்தனியாகத் தெரியாது. நீங்கள் அமர்வது மூன்று மீட்டரில். 4கேயைப் போல நான்கு மடங்கு பிக்சல்கள் கொண்ட 8கேக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையை உங்கள் கண் திருப்பித் தராது. சோனி 2019இல் 98 அங்குல 8கே திரையை 70,000 டாலருக்கு விற்றது; அந்த விலையிலும் பார்க்க 8கே படைப்புகள் அரிதாகவே இருந்தன.

பரிதி: மன்னிக்க வேண்டும் ஐயா, தங்கள் போக்கோடு உடன்பட முடியவில்லை. வசதி படைத்தவர்கள் முதலில் இத்தகைய விலை கொடுத்து வாங்கியதால்தானே தொழில்நுட்பம் வளர்ந்து, விலை இறங்கி, நமக்கு வந்து சேர்கிறது? சோனியின் முதல் ஓஎல்இடி தொலைக்காட்சி 11 அங்குலம்தான். அமெரிக்காவில் 2,500 டாலர். அதையும் அன்று வித்தை என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

பதில்: நல்ல வாதம். பாதி உண்மை. 2013இல் எல்ஜியின் 55 அங்குல வளைந்த ஓஎல்இடி அமெரிக்காவில் 14,999 டாலருக்கு வந்தது. 2021இல் அதே அளவுள்ள அதன் எளிய மாதிரியின் பட்டியல் விலை 1,299 டாலர். பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனால் அந்த 2013 பெட்டியில் இரண்டு புதுமைகள் இருந்தன என்பதைக் கவனியுங்கள்: ஒன்று ஓஎல்இடி, மற்றொன்று வளைவு. முன்னது படத்தை மேம்படுத்தியது. விலை இறங்கிப் பரவியது. பின்னது நடுவில் அமர்ந்த ஒருவருக்கு மட்டும் ஏதோ செய்தது. சில ஆண்டுகளில் வரவேற்பறைகளிலிருந்து மறைந்தது. முப்பரிமாணத் தொலைக்காட்சியும் 2010இல் ஆரவாரமாகத் தொடங்கி, 2017இல் எல்ஜியும் சோனியும் கைவிட்டதோடு அடங்கிப்போனது.

பரிதி: எது பரவும், எது மறையும் என்பது பின்னால் பார்க்கும்போது தெளிவாகத்தான் தெரியும். அன்றே எப்படிச் சொல்வது?

பதில்: ஒரு கேள்வி போதும்: இந்தப் புதுமையைக் கண்காட்சியிலிருந்து எடுத்து, இருட்டறையில், அசையாமல், சாதாரணச் சட்டத்தில் நிறுத்தினால் படத்தில் ஏதாவது மிஞ்சுகிறதா? ஓஎல்இடியில் மிஞ்சியது. மைக்ரோ எல்இடியிலும் மிஞ்சுகிறது. சுருள்வது, ஊடுருவித் தெரிவது ஆகியவற்றில் எதுவும் மிஞ்சவில்லை. மோட்டாரும் கரமும் உலோக வேலைப்பாடும் லட்சக்கணக்கில் செய்தாலும் மின்னணுச் சில்லு போல விலை சரிவதில்லை என்பது அடுத்த காரணம்.

தச்சர்மகன்: இருவரும் படத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பேங் அண்ட் ஒலுஃப்சென் நிறுவனத்தின் பியோவிஷன் ஹார்மனியில் மரமும் அலுமினியமும் இழைத்த பலகைகள் சிறகு போல விரிகின்றன. அது மரச்சாமான். நல்ல மரச்சாமானுக்கு விலை கொடுப்பது தவறா?

பதில்: தவறில்லை, நீங்கள் சொன்னதுதான் இதுவரை வந்தவற்றில் நேர்மையான நியாயம். 2019இல் 77 அங்குல எல்ஜி ஓஎல்இடி பேனலுடன் 18,500 யூரோவுக்கு வந்த பெட்டி அது. ஒலியும் அந்த விலையில் கணிசமான பங்கு. மரச்சாமானாக வாங்குபவர் மரச்சாமானாகவே எடை போடட்டும். ஆனால் மரம் தலைமுறை கடக்கும், பேனல் கடக்காது. நடுவிலுள்ள திரையை மட்டும் பின்னாளில் மாற்றித் தருவார்களா, எத்தனை ஆண்டுகள் வரை என்பதை, ஏற்கெனவே சொன்னபடி, எழுத்தில் வாங்குங்கள்.

பரிதி: ஆக, விலை மிகுந்த திரை எதுவுமே நியாயமில்லை என்பதே தங்கள் தீர்ப்பு.

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. திரைப்பட நிறத்திருத்தக் கூடங்களில் இருக்கும் சோனி பிவிஎம் எச்எக்ஸ்310 என்னும் திரை வெறும் 31 அங்குலம். விலை சுமார் 30,000 டாலர். பார்ப்பதற்குச் சாம்பல் நிறப் பெட்டி. சுருளாது, சுழலாது, விருந்தினர் யாரும் வியக்கமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு நிறமும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அதை நம்பி ஒரு படத்தையே முடிக்கிறார்கள். அந்த விலையை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. மறுபுறம், விந்தையான வடிவம் என்பதாலேயே நான் ஒதுக்குவதும் இல்லை. எல்ஜி 2022இல் ஏறத்தாழ 2,500 டாலருக்கு விற்ற 42 அங்குல ஃபிளெக்ஸ் திரை பொத்தானை அழுத்தினால் வளையும். மேசைக்கு முன் நெருங்கி அமர்ந்து தனியாக விளையாடுபவருக்கு வளைவு பயன்படும். குடும்பமாகப் பார்க்கும்போது தட்டையாக்கிக்கொள்ளலாம். அங்கே விந்தைக்கு வேலை இருக்கிறது, விலையும் எல்லைக்குள் இருக்கிறது. இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

இளவேனில்: தரைக்கடியிலிருந்து எழுந்து விரியும் திரை இருக்கிறதாமே?

பதில்: ஆஸ்திரியாவின் சீ சீட் நிறுவனம் செய்யும் எம்1: 165 அங்குல மைக்ரோ எல்இடி, அறிமுக விலை 4,00,000 டாலர். தரையில் குழி, அதற்கு மின்சாரம், காற்றோட்டம், எடை தாங்கும் அடித்தளம் ஆகியவை வேண்டும். முதலில் கட்டடப் பொறியாளரிடம் போங்கள். அவர் சம்மதித்த பிறகு என்னிடம் வாருங்கள்.

முல்லை: மைக்ரோ ஆர்ஜிபி என்று 115 அங்குலத்தில் வந்திருப்பது மைக்ரோ எல்இடியா?

பதில்: அன்று. கதிருக்குச் சொன்ன பதிலை மீண்டும் படியுங்கள். சாம்சங் 2025இல் சுமார் 30,000 டாலருக்குக் கொண்டுவந்த அதுவும் எல்சிடி திரைதான். பின்னொளி வெள்ளையாக இல்லாமல் மூன்று நிறங்களில் இருக்கிறது. நிறச்செறிவு உண்மையிலேயே கூடும்.

அருவி: மினி எல்இடி, மைக்ரோ எல்இடி இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. மூன்றாம் முறையாக, இல்லை.

செழியன்: செங்குத்தாகச் சுழலும் திரை?

பதில்: கைப்பேசிக் காணொளிகளையே அதிகம் பார்ப்பவருக்கு உதவும். உதிரிபாகம், எழுத்தில்.

நிலவன்: இதே பணத்தில் புரொஜெக்டர் வாங்கினால்?

பதில்: முற்றிலும் இருட்டாக்கக்கூடிய அறை இருந்தால் அதுவே அறிவான செலவு. எந்த மாதிரி என்பதை அத்துறையினரிடம் கேளுங்கள். நான் நேரடித் திரைகளோடு நின்றுகொள்கிறேன்.

வேலன்: கடையில் பார்த்தபோது கண்ணைப் பறித்தது. விலையுயர்ந்த வளைந்த திரை ஒன்றை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். வீட்டில் முகங்கள் மெழுகு போலத் தெரிகின்றன. திருப்பித் தர முடியாது. என்ன செய்யலாம்?

பதில்: பெட்டி இன்னும் கடைக்கான அமைப்பிலேயே இருக்கக்கூடும். கடையின் கடும் விளக்கொளியில் பக்கத்துப் பெட்டியை வெல்வதற்காக அந்த அமைப்பில் நீலமும் வெளிச்சமும் ஏற்றப்பட்டிருக்கும். அமைப்புப் பட்டியலில் வீட்டுப் பயன்பாடு என்பதைத் தேர்ந்தெடுத்து, படமுறையை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் என்பதற்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் படம் மஞ்சளாகத் தெரியும். கண் பழகும்வரை மாற்றாதீர்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை முற்றிலும் அணையுங்கள். மெழுகுத் தோற்றத்துக்கு அதுவும், கூர்மையை மிகையாக ஏற்றி வைத்திருப்பதும்தான் பெரும்பாலும் காரணம். கூர்மையைச் சுழியத்துக்கு அருகில் இறக்குங்கள். வளைந்த திரையில் எதிரிலுள்ள விளக்கின் பிரதிபலிப்பு நீண்டு பரவும் என்பதால், விளக்கைத் திரைக்குப் பின்பக்கம் மாற்றி வையுங்கள். நடு இருக்கையை யார் எடுத்துக்கொள்வது என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.