பழைய ஃபோக்ஸ்வாகன் வேனுக்கு எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர்: எதை வாங்குவது?

கேள்வி: என்னிடம் 1973 மாடல் ஃபோக்ஸ்வாகன் டி2 வேன் இருக்கிறது. காற்றுக் குளிர்ச்சி 1600 சிசி இன்ஜின், ஒரே ஒரு 34 பிக்ட்-3 கார்பரேட்டர். முந்தைய உரிமையாளர் போஷ் நிறுவனத்தின் 009 டிஸ்ட்ரிபியூட்டர் (சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் பாகம்) போட்டிருக்கிறார். சிக்னலில் நின்று கிளம்பும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் திணறிவிட்டுத்தான் வண்டி நகர்கிறது. அதே 009 வடிவத்தில், உள்ளே மாட்யூல் வைத்த எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வண்டியின் திணறலுக்குப் பெரும்பாலும் பாயிண்ட் காரணமாக இருக்காது. எலக்ட்ரானிக் மாட்யூல் செய்வது பாயிண்டின் வேலையை மட்டும்தான்: காயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சரியான நேரத்தில் துண்டிப்பது. தீப்பொறி எந்த வேகத்தில் எத்தனை டிகிரி முன்னதாக வர வேண்டும் என்பதை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும், இருந்தால் வேக்கம் டப்பாவும் (கார்பரேட்டரின் காற்று இழுவையால் இயங்கும் டயாஃப்ரம் டப்பா) தீர்மானிக்கின்றன. 009-இல் வேக்கம் டப்பா கிடையாது. மாட்யூல் வைத்தாலும் அது 009-தான்.

009-இல் இன்ஜின் சுழற்சி ஏறினால்தான் அட்வான்ஸ், அதாவது தீப்பொறி முன்னதாக வரும் அளவு, ஏறும். ஐடிலிங்கில் நிற்கும் இன்ஜினில் திராட்டிலைத் திறந்தவுடன் காற்று பாய்ந்து வருகிறது, ஆனால் சுழற்சி இன்னும் ஏறவில்லை; அட்வான்ஸும் ஏறவில்லை. அந்தக் கணம்தான் திணறல். 34 பிக்ட்-3, வேக்கம் அட்வான்ஸை நம்பி, மெலிந்த கலவைக்காக அமைக்கப்பட்ட கார்பரேட்டர். திராட்டில் லேசாகத் திறந்ததும் அதன் வேக்கம் துளையில் இழுவை வந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் தட்டை உடனே நகர்த்த வேண்டும். அந்த ஏற்பாட்டில் பாதியைக் கழற்றிவிட்டார்கள். பெரிய ஐடில் ஜெட் போட்டும் பெட்ரோலைக் கூட்டியும் சமாளிப்பவர்கள் உண்டு. பெட்ரோல் செலவுதான் ஏறும்.

நெடுஞ்சாலையிலும் இந்தக் குறை இருக்கிறது. லேசான சுமையில் சீராக ஓடும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவாக, மெல்ல எரியும். அப்போது மொத்தம் 40 டிகிரி அளவுக்கு அட்வான்ஸ் கொடுத்தாலும் இன்ஜின் ஏற்கும். வேக்கம் டப்பா அதைக் கொடுக்கும். மேட்டில் முழுதாக மிதித்ததும் இழுவை குறைந்து அதைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். 009 இருந்தால் தீப்பொறி தாமதமாகவே வருகிறது, வெப்பம் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் போகிறது. ஹெட்டைக் காற்று மட்டுமே குளிர வைக்கும் ஒரு கனமான வேனுக்கு இது நல்லதல்ல.

நீங்கள் வாங்க வேண்டியது எஸ்விடிஏ எனப்படும் வகை: ஒற்றை வேக்கம் டப்பா, கூடவே சுழற்சி அட்வான்ஸ். அது போஷின் பழைய 034 வகையாகவும் இருக்கலாம், எலக்ட்ரானிக் மாட்யூலோடு வரும் புதியதாகவும் இருக்கலாம். பணம் கொடுக்கும் முன் கார்பரேட்டரைச் சோதியுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி, கார்பரேட்டருக்குள் பார்த்தபடி திராட்டில் லீவரைத் தள்ளுங்கள். பெட்ரோல் ஒரே நேர்க்கோடாகப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் ஆக்ஸிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது பம்பின் வழியில் அடைப்பு இருக்கலாம். எந்த டிஸ்ட்ரிபியூட்டரும் அதைச் சரி செய்யாது.

உங்களிடம் 28 பிக்ட் அல்லது 30 பிக்ட்-1 போன்ற முந்தைய கார்பரேட்டர் இருந்திருந்தால் பதில் மாறும். அவற்றின் வேக்கம் துளை தரும் இழுவை வேறு மாதிரியானது. 34-க்கு என்று செய்த டப்பாவை அது போதிய அளவு அசைக்காது. ஆகவே கடைக்காரரிடம் கேட்கும்போது வண்டியின் வருடத்தைச் சொன்னால் போதாது. கார்பரேட்டர் எண்ணையும், டிஸ்ட்ரிபியூட்டர் உடலில் பொறித்த, 0 231 என்று தொடங்கும் போஷ் எண்ணையும் படம் எடுத்து அனுப்புங்கள். மொத்தச் சுழற்சி அட்வான்ஸ் எத்தனை டிகிரி, வேக்கம் எத்தனை டிகிரி கூட்டும், மாட்யூல் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். மின்பாகங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளாத கடைகள் நிறைய இருப்பதால், அந்த நிபந்தனையையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் வேக்கம் டப்பாவோடு பழைய போஷ் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது. முழுதாக மாற்றாமல், பாயிண்டை எடுத்துவிட்டு மாட்யூல் மட்டும் போட்டால் போதுமா?

பதில்: டிஸ்ட்ரிபியூட்டர் நல்ல நிலையில் இருந்தால் இதுதான் சிறந்த வழி, செலவும் குறைவு. நல்ல நிலைதானா என்று கையாலேயே பார்க்கலாம். ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் கைக்குத் தெரிந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. ரோட்டரைக் கடிகாரச் சுற்றில் திருப்பி விட்டால் சட்டெனத் திரும்ப வேண்டும். மெல்ல வந்தாலோ வராமல் நின்றாலோ எடைகள் இறுகியிருக்கின்றன. வேக்கம் குழாயை வாயால் உறிஞ்சி, நுனியை நாக்கால் அடையுங்கள். உள்ளே தட்டு நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். நழுவித் திரும்பினால் டயாஃப்ரம் ஓட்டை. புஷ் தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரில் மாட்யூல் போட்டால் பாயிண்டைவிடச் சற்று ஒழுங்காக ஓடும், அவ்வளவுதான். டைமிங் ஆட்டம் போகாது.

பெர்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் மாட்யூல்களில் 1847ஏ என்பது 009-க்கு. வேக்கம் உள்ளதற்கு 1847வி. மாற்றி வாங்கி ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. 6 வோல்ட் வண்டி என்றால் இரண்டுமே ஆகாது. இவை 12 வோல்ட் மாட்யூல்கள்.

மாட்யூல் எரிந்துபோவதற்கு மூன்று காரணங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். முதலாவது, வயரை மாற்றிக் கொடுப்பது. சிவப்பு வயர் காயிலில் 15 என்று எண்ணிட்ட முனைக்கு, கறுப்பு 1 என்ற முனைக்கு. இரண்டாவது, இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டு வைப்பது. முதல் தலைமுறை மாட்யூல்கள் அந்த நிலையில் சூடேறிச் செத்துப்போகும். மூன்றாவது, பொருந்தாத காயில். முதல் தலைமுறை மாட்யூலுக்கு நான்கு சிலிண்டர் இன்ஜினில் காயிலின் முதன்மைச் சுற்று 3 ஓமுக்குக் குறையக் கூடாது. காயிலின் இரண்டு பக்க வயர்களையும் கழற்றிவிட்டு, 1-க்கும் 15-க்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். 14 வோல்ட்டில் 3 ஓம் காயில் 4.7 ஆம்பியர் இழுக்கும், 1.5 ஓம் காயில் 9 ஆம்பியரைத் தாண்டும். ‘அதிக சக்தி காயில்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கினால் இந்தக் கணக்கில்தான் மாட்டுவீர்கள். இரண்டாம் தலைமுறை மாட்யூலுக்கு 0.6 ஓம் காயில் தனியாக உண்டு; அதை முதல் தலைமுறையோடு சேர்க்கக் கூடாது.

இன்னும் ஒன்று. வேனில் சாவி முன்னால், இன்ஜின் பின்னால். இடையில் ஐம்பது வருடப் பழைய வயர் ஓடுகிறது. சாவியை ஆன் செய்து, காயிலின் 15-இல் வோல்ட்டேஜ் பாருங்கள், உடனே பேட்டரியிலும் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் இணைப்புகளைச் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் ஒரு ரிலே வையுங்கள். கண்டன்சரைக் கழற்றிவிடுங்கள், அதற்கு இனி வேலை இல்லை. ஆனால் பாயிண்ட் தட்டிலிருந்து உடலுக்குப் போகும் சின்ன எர்த் வயரைக் கழற்றிவிடாதீர்கள். அது அறுந்தால் தட்டு நகரும்போதெல்லாம் மிஸ்ஸிங் வரும், காரணம் தேடித் தவிப்பீர்கள்.

கேள்வி: புது டிஸ்ட்ரிபியூட்டரை நானே மாட்டி டைமிங் வைக்க முடியுமா?

பதில்: டைமிங் லைட் இருந்தால் முடியும். ஆல்டர்னேட்டர் நட்டை 21 மில்லிமீட்டர் ஸ்பேனரால் திருப்பி, கிராங்க் புல்லியின் டிடிசி குறியை (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலையின் குறி) கேஸ் கோட்டுக்கு, அதாவது இன்ஜின் கேஸின் இரு பாதிகள் சேரும் கோட்டுக்கு, நேராகக் கொண்டு வாருங்கள். ரோட்டர் டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பில் உள்ள வெட்டை நோக்கினால் அது 1-ஆம் சிலிண்டர். எதிர்ப்பக்கம் நோக்கினால் கிராங்க்கை இன்னொரு முழுச் சுற்று திருப்புங்கள். 13 மில்லிமீட்டர் நட்டைக் கழற்றி மேலே இழுங்கள். அடியில் டிரைவ் ஷாஃப்ட்டின் நடுவே ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். அது கேஸுக்குள் விழுந்துவிட்டால் பெரிய வேலையாகிவிடும், கவனம். அடிப்பல்லின் வெட்டு நடுவில் இல்லாமல் விலகியிருப்பதால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரே விதத்தில்தான் உட்காரும். தட்டி இறக்க வேண்டாம். வயர்கள் கடிகாரச் சுற்றில் 1-4-3-2.

புல்லியில் டிகிரிக் குறிகள் இல்லையென்றால் விளிம்பின் சுற்றளவை டேப்பால் அளந்து 12-ஆல் வகுங்கள். அந்த நீளம் 30 டிகிரி. டிடிசி குறிக்கு வலப்பக்கம் அந்தத் தொலைவில் வெள்ளைக் கோடு போடுங்கள். வேக்கம் குழாயைக் கழற்றி நுனியை அடைத்துவிட்டு, இன்ஜினை 3500 சுழற்சியில் பிடித்து, டைமிங் லைட்டில் கோடு கேஸ் கோட்டோடு சேரும்வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புங்கள். கடிகார எதிர்ச்சுற்றில் திருப்பினால் டைமிங் முன்னேறும். 28 முதல் 30 டிகிரி போதும், 32-ஐத் தாண்டவே கூடாது. ஐடிலிங்கில் எத்தனை வருகிறதோ அது வரட்டும்; இன்ஜினைக் காப்பது மேல் எல்லைதான். 1971-க்கு முந்தைய, ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே நிற்கும் இன்ஜினில் 3-ஆம் சிலிண்டருக்குக் காற்று குறைவு. பழைய போஷ் டிஸ்ட்ரிபியூட்டர்கள் சிலவற்றில் அந்த சிலிண்டருக்கு மட்டும், பாயிண்டைத் திறக்கும் கேமிலேயே டைமிங்கைச் சற்றுத் தாமதமாக்கியிருந்தார்கள். எலக்ட்ரானிக் மாட்யூல் நான்குக்கும் சமமாகக் கொடுக்கும், அதனால் அங்கே 28-இல் நிறுத்துங்கள்.

கேள்வி: செல்பேசியில் அட்வான்ஸ் மாற்றும் டிஸ்ட்ரிபியூட்டர்கள் வந்திருக்கின்றனவே, கூடுதல் பணம் தரலாமா?

பதில்: நெதர்லாந்தின் 123 இக்னிஷன் செய்பவை இந்த வகையில் நன்கு அறியப்பட்டவை. எடையும் ஸ்பிரிங்கும் இல்லாததால் தேய்ந்து கோணம் மாறுவதில்லை. இரட்டை கார்பரேட்டர், பெரிய சிலிண்டர் என்று மாற்றிய இன்ஜினுக்கு இது உண்மையிலேயே பயன்படும். 1600 இன்ஜின் மாறாமல் இருந்தால், உள்ளே 16 அட்வான்ஸ் வரைவுகளும் ஒரு சுழல் சுவிட்சும் கொண்ட எளிய வகையே போதும். வாங்கும்போது வேக்கம் குழாய் உள்ளதா என்று பாருங்கள். ரோட்டரும் வயர் முனைகளும் எதிர்ப்பு கொண்டவையா என்றும் மீட்டரில் பாருங்கள். எதிர்ப்பே இல்லாத வெறும் செம்பு இணைப்பில் வரும் மின் இரைச்சல் உள்ளே இருக்கும் கணிப்பொறியைக் குழப்பும்.

கேள்வி: 1981 மாடல் வேனகன், 2 லிட்டர் காற்றுக் குளிர்ச்சி. அமெரிக்காவில் விற்ற வண்டி. இதற்கும் எலக்ட்ரானிக் மாற்ற வேண்டுமா?

பதில்: உங்கள் வண்டியில் ஏற்கெனவே பாயிண்ட் இல்லாத, ஹால் சென்சார் வைத்த எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது. ஐடிலிங் தடுமாறினால், அதைச் சீராக வைக்கும் ஐடில் ஸ்டெபிலைசர் பெட்டியிலிருந்து இரண்டு பிளக்குகளையும் கழற்றி ஒன்றோடொன்று மாட்டிப் பாருங்கள். தடுமாற்றம் நின்றால் பழுது அந்தப் பெட்டியில். டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செலவு செய்யத் தேவையில்லை.